கைப்படம் போட்ட பொத்தான்

கை காணாமல் போனபோது மூட்டை முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, திரையின் இடது ஓரத்தை மேலிருந்து கீழாக எண்ணினான். பதினொரு பொத்தான் இருந்த இடத்தில் ஏழுதான் இருந்தது. மேலிருந்து நாலாவதாக, விரல்களை விரித்த உள்ளங்கைப் படம் ஒன்று இருக்கும். அந்த இடத்தில் இப்போது முனையில் நட்சத்திரம் வைத்த ஒரு குச்சி நின்றுகொண்டிருந்தது.

அது துணிகளில் படம் தைத்துக் கொடுக்கும் எம்பிராய்டரிக் கடை. ஆறு ஊசித் தலைகள் வைத்த நீள மிஷின் ஒன்று, அதற்குப் படம் வரைந்து கொடுக்கும் கம்ப்யூட்டர் ஒன்று, பிசிறு வெட்டி மடிக்க ஒரு மேசை, பின்னால் பெட்டி அடுக்கும் அறை. அவ்வளவுதான் கடை. மிஷின் ஓடினால் பக்கத்து டயர்க் கடைக்காரர் சுவரைத் தட்டுவார். டயர்க் கடையில் சம்மட்டி விழுந்தால் இவர்கள் தட்டுவார்கள். மற்றபடி இரண்டு கடைக்கும் நல்ல உறவு.

மூட்டை என்பது அவனுக்கு வேலை வைத்த பெயர். பத்தொன்பது வருஷம் கிடங்கில் மாவும் சிமெண்டும் சுமந்தான். ஒருநாள் வலது தோள் போதும் என்று உட்கார்ந்துவிட்டது. இனி ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் தூக்கினால் அந்தக் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நூல்கண்டு மாற்றிப் போட ஆள் வேண்டும் என்று இந்தக் கடையில் சேர்த்துக்கொண்டார்கள். படம் வரைகிறவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். முதலாளியம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். கை சும்மா இருந்தவன் மூட்டை ஒருவன்தான்.

"சும்மா உக்காந்து பாருங்கண்ணே. கடிக்காது" என்றாள்.

அவளுக்கு அவனைவிடப் பத்து வயது குறைவு. காரியம் ஆகவேண்டும் என்றால் அண்ணே. கோபம் வந்தால் மூட்டை.

அன்றைக்கு அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அந்தப் பொத்தான்களில் எழுத்தில்லை, படம்தான் இருந்தது. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். மற்ற பொத்தான்கள் எல்லாம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி, கோடு கிழித்த இடத்தை ஒரே சீராக நூலால் நிரப்பிவிடும். கைப்படம் போட்டது மட்டும் வேறு ஜாதி. அதை அமுக்கிவிட்டு, கம்ப்யூட்டரோடு இணைத்த வரைபலகையில் பேனாவை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கம் நூல் போகும். ஒரு நாய்க்குட்டி செய்ய வேண்டுமென்றால் அதன் மயிரை ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுப்பது மாதிரி இழுக்க வேண்டும். மூவாயிரம் இழுப்பு, நாலாயிரம் இழுப்பு. மூட்டைக்கு அது வேலையாகவே தெரியவில்லை. உட்கார்ந்துகொண்டே செய்கிற எதையும் வேலை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

தோள் மட்டும் அங்கேயும் வந்து தொல்லை கொடுத்தது. பேனாவை வலப்பக்கமாக மேலே இழுக்கும்போது நடுவில் ஓர் இடத்தில் தோள் கொக்கி போட்டு நிற்கும். கோடு மணல் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டு மறுபடி ஏறும். ஆரம்பத்தில் அதை அழித்து அழித்து வரைந்தான். ஒருநாள் நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டான். தைத்து வந்ததைப் பார்த்தால், பூனையின் முதுகில் காற்று பட்டு மயிர் கலைந்த மாதிரி இருந்தது. வாங்க வந்தவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் வருகிறவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்தார்கள். நூலைத் தடவிப் பார்க்கிறோம் என்று தெரிந்தே தடவினார்கள்.

பிசிறு வெட்டும் அக்கா, அவளைக் கத்திரி அக்கா என்பார்கள், "உன் தோளு போனதுல கடைக்கு லாபம்டா தம்பி. இன்னொண்ணும் போகட்டும்" என்றாள்.

எழுத்து படித்ததெல்லாம் அதற்கப்புறம், நாற்பத்திரண்டு வயதில். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்தின் பின்னறையில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து படித்தான். எழுத்து வந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரு குணம் வந்துவிட்டது. கண்ணில் பட்டதை எல்லாம் கடைசிவரை படிப்பான். மருந்துப் புட்டி, நூல்பெட்டி, தண்ணீர்க் குழாய்மேல் ஒட்டிய அறிவிப்பு, எதையும் விடமாட்டான். வாயால் சொல்வதில் ஆயிரம் இருக்கும், ஆனால் ஒருவன் மெனக்கெட்டு எழுதி அச்சடித்து வைத்தால் அதில் பொய் இருக்காது என்று நினைத்திருந்தான். அவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒன்றை ஒருவன் பொய் சொல்லப் பயன்படுத்துவான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அன்று காலையிலும் அப்படித்தான். கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஓர் அறிவிப்பு வந்தது. மற்றவர்களாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் என்பதை அமுக்கியிருப்பார்கள். மூட்டை டீயை ஆறவிட்டுவிட்டு விரலைத் திரையில் வைத்து முழுவதையும் படித்தான். 'உங்கள் கருத்தைக் கேட்டோம். உங்களுக்காகவே புதுப்பித்திருக்கிறோம். உங்கள் வேலை இனி எளிது. சில கருவிகள் இடம் மாறியிருக்கலாம்.' இரண்டாம் முறையும் படித்தான். நல்லதாகத்தான் இருந்தது. சம்மதம் என்பதை அமுக்கினான். அது இறங்கி முடிய மதியம் ஆகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் கையைக் காணோம்.

இடம் மாறியிருக்கலாம் என்றுதானே எழுதியிருந்தது. அதனால் தேடினான். திறக்கக்கூடியதை எல்லாம் திறந்தான். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் ஒரு பட்டியல். பட்டியலில் நாற்பது பெயர். நாற்பதையும் எழுத்துக் கூட்டிப் படித்தான். கை இல்லை.

"என்னடா, விழுந்த காசைத் தேடற மாதிரி மூக்கை உள்ள விட்டுட்டிருக்க?" என்றாள் கத்திரி அக்கா.

"கை பொத்தானைக் காணோம்க்கா."

"யாரு எடுத்தா?"

"அதான் தெரியல."

"நல்லாப் பாரு. நேத்து நீ மூடும்போது இருந்துச்சா?"

"நேத்தென்ன, காலைல கூட இருந்துச்சு."

அவசரம் இருந்தது. விலங்கு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அறுபது வெள்ளைக் கோட்டில் படம் போட வேண்டும். அங்கே மூன்று கால் நாய் ஒன்று வாசலில் படுத்துக் கிடக்குமாம், வருகிறவர்கள் எல்லாருக்கும் அதைத் தெரியுமாம். அதன் முகத்தைச் சின்னதாகச் சட்டைப்பைமேல் போட்டுக் கொடுத்திருந்தான். டாக்டரம்மா பார்த்துவிட்டு, முதுகிலும் பெரிதாக வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும், அன்று செவ்வாய். சின்னப் படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்க முடியாது. நூலுக்கு நூல் இடைவெளி விழுந்து, சொறி பிடித்த நாய் மாதிரி ஆகிவிடும். புதிதாகத்தான் இழுக்க வேண்டும். பழைய படம் திறந்தது, பார்க்க முடிந்தது. பேனாவை வைத்தால் மட்டும் ஒன்றும் அசையவில்லை.

முதலாளியம்மா, அந்தப் படம் வரையும் புரோகிராமை விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேசைமேல் வைத்தாள். பாட்டு ஓடியது. ஒரு பெண் வந்தாள்.

"எங்க மேல நீங்க வச்சிருக்கற நம்பிக்கைக்கு நன்றி சார். சொல்லுங்க."

மூட்டை சொன்னான்.

"ஆமா சார். அந்தக் கருவியை எடுத்துட்டோம். நூத்துக்கு மூணு பேர்தான் அதைப் பயன்படுத்திட்டிருந்தாங்க."

"அந்த மூணு பேரு இப்ப என்ன செய்யறதும்மா?"

"புதுக் குச்சிக் கருவி இருக்கு சார். அது தானாவே செஞ்சிடும்."

"பழையதைத் திரும்பப் போட்டுக்க முடியாதா?"

"பழையது இனி திறக்காது சார்."

"எடுக்கப் போறோம்னு அதுல எழுதலையேம்மா. நான் ரெண்டு தடவை படிச்சேன்."

அந்த அறிவிப்பை இரண்டு தடவை படித்த ஆளை அவள் அதுவரை பார்த்திருக்கமாட்டாள். "உங்க கருத்தைப் பதிவு செஞ்சுக்கறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"குச்சியைத்தான் அமுக்கிப் பாருங்களேன்" என்றாள் முதலாளியம்மா.

அவனுக்கு மனமே இல்லை. நாயின் முகத்தைச் சுற்றிக் கோடு மட்டும் கிழித்துவிட்டுக் குச்சியை அமுக்கினான். திரை ஒருமுறை மங்கியது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, முகம் முழுக்க மயிர் முளைத்துவிட்டது. அவனுக்கு ஒன்றரை நாள் பிடிக்கிற வேலை.

முதலாளியம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். கத்திரி அக்கா மேசையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, கை இல்ல கை இல்லன்னு ஒப்பாரி வச்ச. போட்டு முடிச்சிட்டியே."

"நான் போடலக்கா."

"யாருகிட்ட கதை விடற? அஞ்சு வருஷமா உன் நூலுக்குப் பிசிறு வெட்டறேன். இது உன் கைதான்."

மூட்டை முகத்தைத் திரையோடு ஒட்டிப் பார்த்தான். வலப்பக்கமாக மேலே போகிற ஒவ்வோர் இழையும் நடுவில் மணல் அளவுக்குக் கீழே இறங்கி மறுபடி ஏறியது. நெற்றியில், காதுக்குக் கீழே, தாடையில், எங்கும். கம்ப்யூட்டருக்குத் தோள் ஏது? பத்தொன்பது வருஷம் அது எந்தக் கிடங்கில் மூட்டை சுமந்தது?

போன வருஷம் வந்துபோன கம்பெனித் தம்பி நினைவுக்கு வந்தான்.

முதலாளியம்மா கடையின் படங்களை இணையத்தில் எங்கோ போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, ஓயாத சிரிப்பு. மூட்டையை 'சார்' என்று கூப்பிட்டான். மூட்டையை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. முதல் தடவை கேட்டபோது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கைக்கு மேலே சின்னக் கேமரா ஒன்றை நிறுத்தி வைத்து, ஒவ்வோர் இழுப்பையும் படம் பிடித்தான். 'இந்த இடத்துல ஏன் சார் இப்படி இறக்கறீங்க' என்றெல்லாம் கேட்டான். மூட்டை தோள் கதையைச் சொன்னான். 'உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் சார் இந்தக் கை பொத்தானே. இன்னும் நல்லா பண்ணித் தர்றோம்' என்றான். பழைய படங்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டான். போகும்போது ஒரு தாளை நீட்டினான். 'நீங்க சொல்லித் தந்ததுக்கு நன்றின்னு எழுதியிருக்கு சார், கீழ ஒரு கையெழுத்து.'

எழுத்து கற்று, பெருவிரலுக்குப் பதிலாகப் பெயரையே எழுதப் பழகிய புதிது. யாராவது கையெழுத்து கேட்கமாட்டார்களா என்று இருந்த காலம். கண்ணில் பட்டதை எல்லாம் படிக்கிறவன் அந்த ஒரு தாளை மட்டும் படிக்கவில்லை. கையெழுத்துப் போடுகிற அவசரம். நாக்கைக் கடித்துக்கொண்டு முழுப் பெயரையும் எழுதினான். அழகாக வந்தது. 'இன்னொரு தாள் இருக்கா தம்பி?' என்று கேட்டு அதிலும் போட்டான்.

அந்தத் தாளின் நகல் முதலாளியம்மாவின் கோப்பில் இருந்தது. எடுத்துவரச் சொல்லி, நின்றபடியே படித்தான். நன்றி என்ற சொல் முதல் வரியில் இருந்தது. அது பொய்யில்லை. எட்டாவது வரியில்தான் 'மேற்படியாரின் கை அசைவுகளும், அவற்றிலிருந்து செய்யப்படும் எதுவும் நிறுவனத்துக்கே உரியவை' என்றிருந்தது. 'உரியவை' என்பதில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

"என்னடா எழுதியிருக்கு?" என்றாள் அக்கா.

"என் கை என்னோடது இல்லையாம்க்கா."

குச்சியும் சும்மா வரவில்லை. தைக்க அனுப்பும்போது, இது பார்ப்பதற்கு மட்டும், தைக்க வேண்டுமானால் தனியாக வாங்க வேண்டும் என்று திரையில் வந்தது. முதலாளியம்மா கம்பெனித் தம்பியின் சொந்த எண்ணைத் தேடிப் பிடித்து, கேட்கக்கூடாததை எல்லாம் கேட்டாள். அவன் மறுநாள் காலையிலேயே வந்து நின்றான்.

"எப்படிண்ணே இருக்கீங்க?" என்றான். இந்தத் தடவை சார் இல்லை.

"கையைக் காணோம் தம்பி."

"தெரியும்ணே. மேல எடுத்த முடிவு. எனக்கே வருத்தம்தான். முந்நூறு பேரு எழுதிட்டாங்க, திட்டி." அவன் சிரிப்பு குறையவில்லை. "ஆனா குச்சியைப் பாத்தீங்கள்ல. அதுல பாதி நீங்கதான்ணே."

"மீதி பாதி யாரு?"

தம்பி அதற்குச் சிரித்துவிட்டு, திரையில் இருந்த நாயைப் பெரிதாக்கினான். "ஒரே ஒரு குறைதான்ணே. கண்ணு வரமாட்டேங்குது. பொம்மைக்குக் கோலி வச்ச மாதிரி இருக்கு பாருங்க. மூக்கு ஈரமும் வரல. நீங்க இன்னும் மூணு நாள் கண்ணும் மூக்கும் மட்டும் வரைஞ்சு காமிச்சீங்கன்னா, இந்தக் கடைக் கம்ப்யூட்டர்ல மட்டும் கை பொத்தானைத் திறந்து விடச் சொல்றேன். ஒரு வருஷத்துக்கு. இன்னிக்கே."

முதலாளியம்மாவின் முகம் தெளிந்தது. "பாத்தீங்களாண்ணே. வெள்ளிக்கிழமை வேலையும் முடிஞ்சிடும்."

"அந்த முந்நூறு பேருக்கு?" என்றான் மூட்டை.

"அவங்களுக்கு இல்லண்ணே. உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல்."

தம்பி தாளை எடுத்து மேசைமேல் வைத்து, பேனாவையும் திறந்து வைத்தான். மூட்டை கண்ணாடியை மாட்டிக்கொண்டான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தான்.

தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நான் வேணா சுருக்கமா சொல்லிடறேண்ணே."

"போன தடவை நீங்க சொன்னீங்க தம்பி. இந்தத் தடவை நானே பாத்துக்கறேன்."

ஒவ்வொரு வரிக்கும் நின்றான். புரியாத சொல் வந்தால் தம்பியிடமே அர்த்தம் கேட்டான். தம்பி சொன்னான். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னான். அப்புறம் சிரிக்காமல் சொன்னான். பக்கத்துக் கடையில் ஒரு டயர் முழுவதையும் கழற்றி மாட்டி முடித்துவிட்டார்கள். இவன் பாதித் தாளில் இருந்தான். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"'முன்னறிவிப்பின்றி விலக்கிக்கொள்ளும் உரிமை'ன்னா?"

"அது… எல்லாத்துலயும் போடறதுதான்ணே."

"சொல்லாமலே எடுத்துக்கலாம்னு அர்த்தமா?"

தம்பி மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"சரி தம்பி, ஒண்ணு கேக்கறேன். தோளு கொக்கி போடறதை நீங்க எடுத்துட்டீங்க. இப்ப கண்ணு உங்களுக்கு வரல, அதனால தேடி வந்திருக்கீங்க. கண்ணையும் குடுத்துட்டா அடுத்த வருஷம் நீங்க எதுக்கு என்னைத் தேடி வருவீங்க?"

தம்பி முதலாளியம்மாவைப் பார்த்தான். முதலாளியம்மா மிஷினைப் பார்த்தாள். அது ஆறு தலையையும் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நின்றது.

"அண்ணே," என்றாள் அவள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை. அறுபது கோட்டு. என் நிலைமையையும் பாருங்க. ஒரு கையெழுத்துதானே. ஒரு வருஷம் ஓட்டிடலாம், அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் சொன்னதும் தப்பில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே கை வந்துவிடும், நாளைக்கும் இதே நாற்காலி, மத்தியானத்துக்குள் நாயின் நெற்றி முடிந்துவிடும். போடாவிட்டால் என்ன என்பதும் தெரிந்தது. குச்சியை அமுக்க அவன் வேண்டியதில்லை. பின்னறையில் பெட்டி இறக்குகிற ஆள் போன மாதத்தோடு நின்றுவிட்டான்.

பேனாவை எடுத்தான். தம்பி மூச்சு விட்டான். மூட்டை பேனாவை மூடி, தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவன் பக்கமாகத் தள்ளினான்.

"கண்ணு என்கிட்டயே இருக்கட்டும் தம்பி. போனது போதும்."

தம்பி இன்னும் ஏதேதோ சொல்லிப் பார்த்தான். மூட்டை அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கேட்கவில்லை. கடைசியில் முதலாளியம்மா குச்சியைத் தனியாக வாங்கினாள். அவளுக்கும் வேறு வழியில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்தாள். கோட்டை விரித்து முதுகிலிருந்த நாயைப் பார்த்தாள். எல்லாரையும் போல மயிரை விரலால் தடவினாள். மூட்டை நாயின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு கொஞ்சம் தூக்கக் கலக்கமா இருக்கு" என்றாள். "பரவால்ல. அதுவும் எப்பவும் தூங்கிட்டுதான் இருக்கும்." சிரித்துவிட்டு அறுபதையும் எடுத்துக்கொண்டு போனாள்.

கத்திரி அக்கா அடுத்த துணியை இழுத்துப் பிசிறு வெட்ட ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவன் வந்தபோது முதலாளியம்மா கம்ப்யூட்டர் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை.

"மூட்டை," என்றாள். கோபம் இல்லாமலே அப்படிக் கூப்பிட்டாள். "ஒரு பொத்தான்தானே, நானே அமுக்கிக்கறேன். பின்னால பெட்டி வந்து நிக்குது. பாதிப் பாதியா பிரிச்சு எடுத்துக்குங்க. இடது தோளு நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கும்மா."

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி அவளுக்கு உயரம். கால் தரையில் எட்டாமல் ஆடியது. பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவினாள், எதையோ திருகினாள், நாற்காலி அசையவில்லை. அவமானமாக இருந்திருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது. கேட்கவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

மூட்டை பின்னறை வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். குனிந்து, நாற்காலிக்கு அடியில் வலப்பக்கம் இருந்த கம்பியைக் காட்டினான்.

"இதை மேல தூக்கிப் பிடிச்சுட்டு உங்க பாரத்தை விடுங்க. தானா இறங்கும்."

தூக்கினாள். நாற்காலி மெதுவாக இறங்கி, அவள் கால் தரையில் பட்டது.

"நன்றிண்ணே" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

பின்னறையில் பெட்டிகள் கதவுவரை அடுக்கியிருந்தன. மேல் பெட்டியின் பக்கத்தில் என்னவோ அச்சடித்திருந்தது. அவன் அதைப் படிக்கவில்லை. இடது தோளைக் கொடுத்துத் தூக்கினான்.